எட்டு நிற நூலும் எண்பது குஞ்சும்

"…அதான் சார், நேத்து சாயங்காலமே தண்ணிய எடுத்து வெச்சிட்டேன். குடிச்சாத்தான கழியும்? வயித்துல ஒண்ணுமே இல்லன்னா எங்கேருந்து கழியும், நீங்களே சொல்லுங்க!"

வளர்மதி இதைச் சொன்னபோது நான் தலையிலிருந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. சித்திரை மாதம், பதினொன்றரை மணி வெயில். கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர். உளுந்து பிடுங்கி முடித்த வயலெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்த வயலைத் தாண்டி வந்த காற்று முகத்தில் அடித்தால், கண்ணைத் திறக்கவே யோசிக்க வேண்டும். "குஞ்சு சாவுது சார், ஆறு போச்சி" என்று போனில் கேட்டு, ஆட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த இடத்திலிருந்து நான் வந்து சேர்வதற்குள் ஆறு ஒன்பதாகியிருந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற உங்களுக்கு இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், வளர்மதி சொன்ன அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா? குடித்தால்தான் கழியும். குடிக்காவிட்டால் கழியாது. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஜனங்கள் முட்டாள்தனமாக எதையும் செய்வதில்லை. ஒரு நியாயத்தைப் பிடித்துக்கொண்டுதான் செய்கிறார்கள். அந்த நியாயம் எங்கே தடம் மாறியது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. எரிந்து விழுவது நம் வேலையில்லை.

நான் உங்களைப் போல டிப்ளமோ படித்தவன் இல்லை. கால்நடை மருந்தகத்தில் கூட்டிப் பெருக்க வந்தவன். மாட்டுக்குக் கயிறு பிடித்து, மருந்துச் சீட்டு ஒட்டி, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, உதவியாளராகி ஓய்வு பெற்றேன். கோழி வைத்தியத்தில் பாதியை எனக்குச் சொல்லிக் கொடுத்தது கோழி வளர்த்த பெண்கள்தான். நோய் பிடித்த குஞ்சு சிறகைச் சிலுப்பிக்கொண்டு கண்ணை மூடி ஓரமாக உட்காருமே, அதைச் "சால்வ போத்திக்கிச்சி சார்" என்பார்கள். வெயில் தாங்காமல் இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி, வாயைத் திறந்துகொண்டு நிற்பதைச் "சட்டையக் கழட்டுது" என்பார்கள். எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. குளிருகிறவன் போர்த்திக்கொள்வான், புழுங்குகிறவன் கழற்றிப் போடுவான். நோயா வெயிலா என்று பார்க்க அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் அங்கேயே முடித்துவிடக் கூடாது. அன்றைக்கு நான் முடிக்கத்தான் பார்த்தேன்.

முதலில் அந்த ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெருவில் மகளிர் குழுவைச் சேர்ந்த எட்டு வீட்டுக்குத் தலைக்குப் பத்து நாட்டுக்கோழிக் குஞ்சு கொடுத்திருந்தோம். ஒரு நாள் குஞ்சு. எட்டு வீட்டிலும் தனித்தனியாகப் பல்பு போட்டு வளர்க்க வசதியில்லை. அதனால் அவர்களே பேசி ஒரு வழி செய்தார்கள். வளர்மதி தையல்காரர். வீட்டை ஒட்டிச் சிமெண்ட் ஷீட் போட்ட ஒரு அறை, அதில் தையல் மிஷின். மிஷினை வீட்டுக்குள் நகர்த்திவிட்டு எண்பது குஞ்சையும் அந்த அறையில் விட்டார்கள். ஒரு மாதம் வளர்மதி பார்த்துக்கொள்வார், பிறகு அவரவர் குஞ்சை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். எது யாருடையது என்று எப்படித் தெரியும்? வீட்டுக்கு ஒரு நிறம் என்று குஞ்சுக் காலில் தையல் நூலைத் தளர்வாகக் கட்டிவிட்டார் வளர்மதி. கால் பெருக்கப் பெருக்க அவிழ்த்து மறுபடி கட்டுவார். அவருடையது வெள்ளை. அவர் ஓரகத்தி அஞ்சலையுடையது பச்சை. மற்றவர்களுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று.

அழகான ஏற்பாடு. ஆனால் ஒன்றைப் பாருங்கள். சாகிற ஒவ்வொரு குஞ்சும் காலில் முகவரி கட்டிக்கொண்டு சாகும்.

நான் அறைக்குள் நுழைந்தேன். நுழைந்தேன் என்பதைவிட அடுப்புக்குள் தலையை விட்டேன் என்று சொல்லலாம். ஜன்னல் இரண்டையும் சாக்கு வைத்து அடைத்திருந்தார். தரையில் நெல் உமி, அதன் மேல் தண்ணீர் தெளித்து ஈரமாக இருந்தது. "குளுமையா இருக்கட்டும்னு நாலு நாளா தெளிக்கிறேன் சார்" என்றார் வளர்மதி. நடுவில் நூறு வாட் பல்பு எரிந்துகொண்டிருந்தது. உச்சி வெயிலில்!

பல்புக்குக் கீழே ஒரு குஞ்சுகூட இல்லை. எல்லாம் சுவர் ஓரமாக, கதவு இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. வாய் திறந்தபடி. இறக்கை விரிந்தபடி. சட்டையைக் கழற்றிவிட்ட குஞ்சுகள்.

"பல்ப ஏன்மா எரிய வுட்டீங்க?" என்றேன்.

வளர்மதி என்னை நிமிர்ந்து பார்த்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீங்கதான சார் சொன்னீங்க? நாலு வாரத்துக்குப் பல்பு அணையக் கூடாது, காத்து படக் கூடாதுன்னு. நடுவுல கரண்ட் போச்சின்னு பின்னாடி வூட்லேருந்து ஒயர் இழுத்துக்கூட எரிய வெச்சேன் சார்."

நான் சொன்னதுதான். வார்த்தைக்கு வார்த்தை நான் சொன்னதுதான். தை மாதக் குளிரில் எத்தனையோ ஊரில் சொல்லிச் சொல்லி நாக்கில் படிந்துபோன வாக்கியம். குஞ்சுக் கூடையை இறக்கியதும் வாய் தானாகத் திறக்கும், அந்த வாக்கியம் தானாக விழும். அது சித்திரை என்பது என் வாய்க்குத் தெரியவில்லை. "குஞ்சு பல்ப வுட்டு விலகி ஓடினா அணச்சிடுங்க, பல்புக்கடியில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா போடுங்க" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். வளர்மதி அதைத் துளி பிசகாமல் செய்திருப்பார். சொன்னதைச் செய்கிற பெண்.

நான் ஸ்விட்சை அணைத்தேன். அறைக்கு வெளியே நின்றவர்களுக்கு எங்கள் பேச்சு கேட்டிருக்காது.

ஆமாம், அதற்குள் வெளியே ஆள் சேர்ந்துவிட்டது. ஏழு வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள், கையில் கூடையோடு. முன்னால் நின்றவர் அஞ்சலை.

"ஏ வளரு! என் பச்ச நூல எண்ணிக் குடு. நோவு வந்த வூட்ல எங்க குஞ்ச எதுக்கு வுடணும்?"

"அக்கா, சார் வந்திருக்காரு. கொஞ்சம் பொறு."

"சார் வந்தா நோவு போயிடுமா? வெள்ளக்கழிச்சல் வந்தா வூட்டோட வாரிக்கினு போவும். செத்துக் கிடக்குதே ஒம்போது, அதுல ஒன் வெள்ள நூல் ஒண்ணாவது இருக்குதா? எப்படிடீ ஒன் நூலுக்கு மட்டும் நோவு தெரியுது?"

யாரோ சிரித்தார்கள். வளர்மதி சிரிக்கவில்லை. வாசலில் வரிசையாகப் போட்டிருந்த ஒன்பதையும் நானும் பார்த்தேன். வெள்ளை நூல் இல்லைதான். வெயில் நூல் பார்த்துக் கொல்வதில்லை, அது அப்படி அமைந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அதை அந்த நேரத்தில் யாரிடம் சொல்வது? வளர்மதி அந்தத் தெருவில் எட்டு வீட்டுக்கும் ஜாக்கெட் தைக்கிறவர். அளவெடுக்கக் கை நீட்டினால் நம்பி நிற்கிறார்கள். அந்த நம்பிக்கை அன்றைக்குச் செத்த குஞ்சோடு வாசலில் கிடந்தது.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். வெயில் என்றால் மிச்சக் குஞ்சு எல்லாவற்றையும் அந்த அறையிலிருந்து உடனே வெளியேற்ற வேண்டும், கூடையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்று சொன்னால்கூட நல்லதுதான். நோய் என்றால் ஒரு குஞ்சுகூட அந்த வாசலைத் தாண்டக் கூடாது, தாண்டினால் எட்டு வீட்டிலும் இருக்கிற பெரிய கோழிகளுக்கும் போகும். ஒன்றுக்குச் சரியானது இன்னொன்றுக்குக் கொலை. பார்க்கிறதெல்லாம் வெயில் என்றுதான் சொன்னது. தண்ணியாகக் கழிந்ததும்கூட. புழுக்கத்தில் குஞ்சு மடக் மடக்கென்று குடிக்கும், குடித்தது வெறும் தண்ணியாக வெளியே போகும். அதைக் கழிச்சல் என்று நினைத்துத் தண்ணியை எடுத்தால் மறுநாள் மதியம் தாங்காது. எல்லாம் பொருந்தியது. ஆனாலும் எனக்கு வாய் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு லால்பேட்டைக் கதை ஒன்று இருக்கிறது. இதற்குப் பல வருஷம் முந்தியது. ஒரு வைகாசியில், அங்கே ஒரு பாய் வீட்டில் குஞ்சும் கோழியுமாக வாய் திறந்து நின்றன. நான் வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டு, "வெயிலுதான் பாய், ஜாஸ்தி யோசிக்காதீங்க. தண்ணி வெச்சி நிழல்ல வுடுங்க" என்றேன். அவரும், "நீங்க சொன்னா சரிதான் சார்" என்று இரண்டு பெட்டையைத் தங்கை வீட்டுக்கும் நாலு குஞ்சைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார். அது வெயில் மட்டுமில்லை. ஓரமாகச் சால்வை போர்த்திக்கொண்டிருந்த மூன்று நான்கை நான் பார்க்கவே இல்லை. வாய் திறந்து நின்றவை என் கண்ணை நிறைத்துவிட்டன. இரண்டு வாரம் கழித்து அந்தத் தெரு வழியாகப் போனேன். பாய் என்னைத் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். கிளாஸை வாங்கும்போது சொன்னார்: "காலைல எழுந்தா பாங்கு மட்டும்தான் சார் கேக்குது. தெருவுல ஒரு சேவச் சத்தம் கிடையாது." அவ்வளவுதான் சொன்னார். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

எங்கள் டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் கடலூரில் மீட்டிங்கில் இருந்தார், போன் அணைத்திருந்தது. அவரிடம் நான் பத்து வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: "தெரியலன்னா தெரியாத மாதிரியே நடந்துக்கய்யா. தெரிஞ்ச மாதிரி நடந்துட்டு அப்புறம் தெரிஞ்சிக்கப் பாக்காத." சரி, தெரியாத மாதிரியே நடப்போம் என்று முடிவு செய்தேன். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று செய்ய முடியுமா என்று பார்த்தேன். முடியும் என்று பட்டது. குஞ்சுகள் வெளியே வரட்டும், ஆனால் பிரிய வேண்டாம்.

வளர்மதி வீட்டுக்குப் பின்னால் ஒரு புங்க மரம். நல்ல நிழல். "எல்லாக் கூடையும் இங்க கொண்டாங்க. எல்லாக் குஞ்சையும் மரத்தடிக்குக் கொண்டு போலாம். ஆனா ஒண்ணுகூட இன்னும் ஒரு மணி நேரத்துக்கு யார் வூட்டுக்கும் போகக் கூடாது. அப்புறம் நானே சொல்றேன்" என்றேன்.

"ஒரு மணி நேரத்துல எல்லாம் செத்துட்டா?" என்றார் அஞ்சலை.

"செத்தா எங்கிட்ட வந்து கேளுங்க. வளர்மதிய கேக்காதீங்க."

அந்த வார்த்தைக்குக் கொஞ்சம் மதிப்பிருந்தது போல. கூடைகள் வந்தன. மரத்தைச் சுற்றிப் பழைய புடவையைக் கட்டி ஒரு வளையம் போட்டோம். சாப்பாட்டுத் தட்டு, ஹோட்டல் டப்பா மூடி, கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு வந்து, குஞ்சு விழுந்து நனையாமல் இருக்கக் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தோம். துளி உப்பு, துளி வெல்லம். ஒரு பெண் வீட்டிலிருந்து ஃபிரிட்ஜ் தண்ணீரை வாளியில் கொண்டு வந்து, "முக்கி எடுத்துடலாமா சார்?" என்றார். வேண்டாம் என்று தடுத்தேன். கொதிக்கிற உடம்பைப் பனித்தண்ணியில் முக்கினால் அந்த அதிர்ச்சியே போதும். குடத்துத் தண்ணியில் காலை மட்டும் நனைத்து விடச் சொன்னேன். எழுந்து போய்க் குடிக்க முடியாத குஞ்சுகளுக்கு ஒவ்வொன்றாக எடுத்து மூக்கை மட்டும் தண்ணியில் தொட்டு எடுக்க வேண்டும். ஒரு சொட்டு உள்ளே போனால் அதுவே அடுத்த சொட்டைத் தேடும்.

எட்டுப் பெண்களும் உட்கார்ந்துவிட்டார்கள். ஆரம்பத்தில் அவரவர் நூலைத் தேடித்தான் எடுத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் அதெல்லாம் போய்விட்டது. கைக்கு வந்ததை எடுத்தார்கள். அஞ்சலை கையில் ஒரு சிவப்பு நூல். "குடிடீ, குடி. ஒங்கம்மா வூட்டுத் தண்ணியா இது, இப்படிப் பிகு பண்ற?" என்று அதட்டிக்கொண்டே மூக்கை நனைத்தார். சிவப்பு நூலுக்காரப் பெண், "அக்கா, அது என்னுது" என்றதும், "யாருதா இருந்தா என்னா, வாய மூடிக்கிட்டு அந்த மஞ்சளத் தூக்கு" என்று அவரையும் அதட்டினார்.

இரண்டு குஞ்சு அங்கேயே கையில் செத்தன. பதினொன்று. ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்கள்.

பிறகு ஒன்று எழுந்து நின்றது. இன்னொன்று தட்டை நோக்கி நடந்து வந்து குடித்தது. அதைப் பார்த்து நாலு வந்தன. ஒரு மணி வாக்கில் பாதிக்கு மேல் வாய் மூடிவிட்டன. இறக்கை உடம்போடு ஒட்டிவிட்டது. ஒன்று வளர்மதியின் முழங்கால் மேல் ஏறி நின்று கத்தியது. "சார், பசிக்குதாம் சார்" என்றார் வளர்மதி. அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

"அப்போ நோவு இல்லியா சார்?" என்று கேட்டார் அஞ்சலை.

"வெயிலுதான்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன நடக்கும்? கூடையை எடுப்பார்கள், நூலைப் பார்த்து அள்ளுவார்கள், போய்விடுவார்கள். எனக்கும் சாப்பாட்டு நேரம். ஆனால் லால்பேட்டைக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். தெளிந்தவற்றைப் பார்த்து முடிவு செய்வதில்லை, தெளியாதவற்றைத் தேடுவேன். மரத்தடியைச் சுற்றி வந்தேன். சால்வை போர்த்தியது ஒன்றுகூட இல்லை. எல்லாம் தெளிவாகத்தான் இருந்தன. சந்தேகமே வேண்டாம் போல இருந்தது. கடைசியாகச் சும்மா எண்ணினேன்.

அறுபத்து நாலு.

மறுபடி எண்ணினேன். அறுபத்து நாலு. எண்பதில் பதினொன்று போனால் அறுபத்தொன்பது இருக்க வேண்டும். அறையில் போய்ப் பார்த்தேன், மூலை, சாக்கு, உமி எல்லாம். ஒன்றும் இல்லை. திரும்பி வந்து, செத்ததையும் சேர்த்து நூல் பார்த்து எண்ணினேன். பச்சையில்தான் பெரிய ஓட்டை. மூன்று இல்லை. வெள்ளையில் ஒன்றும் சிவப்பில் ஒன்றும் இல்லை.

நிமிர்ந்தேன். வளர்மதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எண்ணுவதைப் பார்த்துவிட்டார். உடனே தலையைக் குனிந்து புடவை ஓரத்தில் ஒரு நூலைப் பிரிக்க ஆரம்பித்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன்! முதல் குஞ்சு ஓரமாக உட்காரும்போதே தெரிந்துவிடும். யாரிடமும் சொல்ல மாட்டார்கள். தனியாக எடுத்து எங்கேயாவது வைத்து, மஞ்சளோ வெங்காயமோ கொடுத்து, நாளைக்குத் தேறிவிடும் என்று காத்திருப்பார்கள். அது திருட்டுத்தனம் இல்லை. பயம். அதிலும் ஊர்க் குஞ்சை வளர்க்கிறவருக்கு எவ்வளவு பயம் இருக்கும்!

இன்னும் ஐந்து நிமிஷத்தில் அஞ்சலை தன் பச்சையை எண்ணுவார். அப்போது வளர்மதி என்ன சொல்வார்? "காக்கா தூக்கிட்டுப் போச்சிக்கா" என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஊர்க் காக்காய்கள் அப்படித்தான் செய்யும். யாரும் மறுத்துப் பேச முடியாது. குஞ்சுகள் வீடு வீடாகப் போய்விடும். என்ன நோய் என்று தெரியாமலே, அதுவும் கூடவே போய்விடும்.

நான் கேட்டிருக்கலாம். எல்லார் முன்னாலும், "அந்த அஞ்சு எங்கம்மா?" என்று கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும். ஆனால் அது எனக்கான பதிலாக இருந்திருக்காது, அஞ்சலைக்கான பதிலாக இருந்திருக்கும். தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாமென்றால், ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதுவே ஒரு குற்றச்சாட்டு. இதற்கெல்லாம் நமக்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை. நானும் பெரிய யோசனை செய்து செய்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பெண் நூலைப் பிரித்துக்கொண்டிருந்ததைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவு நேரம் எனக்குள் அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

அதற்கு முன் ஒன்று. பிறகு குஞ்சுகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். அதை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். அன்றைக்கு ஒரு குஞ்சும் யார் வீட்டுக்கும் போகவில்லை. மறுநாள் டாக்டர் வந்து, செத்ததையும் நோய் கண்டதையும் அறுத்தும் பார்த்தும் சொன்னார்: வெயிலும் உண்டு, ரத்தக்கழிச்சலும் உண்டு. உமியில் நாலு நாளாகத் தெளித்த தண்ணீர் அந்த நோய்க்கு மெத்தை போட்டுக் கொடுத்திருந்தது. ஈர உமியை வாரிக் கொட்டினோம், சாக்கைப் பிடுங்கினோம், பகலில் மரத்தடி, இரவில் காய்ந்த உமி. ஐந்து நாள் மருந்து. எந்தத் தண்ணியை வளர்மதி எடுத்து வைத்தாரோ அந்தத் தண்ணியில் கலந்துதான் மருந்தே கொடுக்க வேண்டியிருந்தது. இன்னும் ஏழு செத்தன. அறுபத்திரண்டு பிழைத்தன. மூன்று வாரம் கழித்து அவரவர் நூலை அவரவர் எடுத்துப் போனார்கள். எந்த வீட்டுப் பெரிய கோழிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் இது எதுவும் என் மருந்தால் ஆரம்பிக்கவில்லை. அந்த மரத்தடியில் ஆரம்பித்தது.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். "அந்த ரூம்ல பல்பு எரிஞ்சிக்கிட்டு இருந்துச்சி. ஜன்னல் அடச்சிருந்துச்சி. அது வளர்மதி செஞ்ச தப்பு இல்ல. நாலு வாரம் பல்பு அணையக் கூடாது, காத்து படக் கூடாதுன்னு சொன்னது நானு. மாசம் என்ன, வெயில் என்னன்னு யோசிக்காம சொல்லிட்டுப் போயிட்டேன். செத்த பதினொண்ணும் எம்மேலதான்."

 வளையத்துக்குள் ஒரு குஞ்சு தட்டைக் கொத்திக்கொண்டிருந்தது.

"ஆபீசர் சொன்னா இவளுக்கு புத்தி எங்க போச்சி?" என்றார் அஞ்சலை. ஆனால் முன்பிருந்த காரம் அதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து, "நாங்க இருந்தாலும் அப்படித்தான் எரிய வெச்சிருப்போம்" என்று அவரே முணுமுணுத்தார்.

நான் பொதுவாக, யாரையும் பார்க்காமல் சொன்னேன். "இன்னைக்கு வெயில்ல வுழுந்ததெல்லாம் எழுந்துடுச்சி. ஆனா இதுக்கு முன்னாடியே ஓரமா ஒக்காந்த குஞ்சு எதுனா யாராவது தனியா எடுத்து வெச்சிருந்தா, அத நான் பாக்கணும். வெச்சது தப்பு இல்ல. தனியா வெச்சதுதான் மத்த குஞ்சக் காப்பாத்தியிருக்கும். அத பாக்காம இதுங்கள வூட்டுக்கு அனுப்பினா, நான் ரெண்டாவது தடவையும் தப்பு பண்ணவனாயிடுவேன்."

 அஞ்சலை கூடையைக் கீழே வைத்தார். புடவை வளையத்துக்குள் குனிந்து பச்சை நூல்களை ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

வளர்மதி எழுந்தார். புடவையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டுக்கொண்டார். வீட்டுக்குள் போனார். அடுப்படியில் பாத்திரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது இடுப்பில் ஒரு மூங்கில் கூடை, அதன் வாயைத் தையலில் மிஞ்சிய வெட்டுத்துணியால் கட்டியிருந்தார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். ஐந்து வரை எண்ணிவிட்டு அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்த அஞ்சலையின் காலடியில் கூடையை வைத்து, குனிந்து, முடிச்சை அவிழ்த்துத் துணியை முழுசாக விலக்கிக் காட்டினார்.